கதீட்ரல் பட்டியல்: வேளாங்கண்ணி ஏன் வராது, மேடக் ஏன் வரும்?

தூண்நிழல்

இந்தியாவில் இருக்கிற கதீட்ரல்களைச் சபைவாரியாக ஒரே அட்டவணையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். கத்தோலிக்கத்தில் லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என்ற மூன்று வழிபாட்டு மரபுகளுக்கும் தனித்தனி நிரல். அப்புறம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை), லுத்தரன், ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய, கல்தேய சபை. சிக்கல் என்னவென்றால் தமிழில் எல்லாப் பலகையிலும் ‘பேராலயம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. அதை நம்பிப் போனால் பட்டியல் இரண்டு மடங்கு ஆகிறது.

இப்போதைக்கு நிற்கும் சந்தேகங்கள்: வேளாங்கண்ணி உண்டா இல்லையா? தெலங்கானாவின் மேடக் ஆலயத்தை மெதடிஸ்ட்டுகள் கட்டினார்கள், அவர்கள் ஏன் கதீட்ரல் கட்டவேண்டும்? ஒரே ஊரில் சி.எஸ்.ஐ.க்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று என்றால் எதை முதலில் போடுவது? கேரளத்தில் ஒரே மறைமாவட்டத்தில், அதாவது ஒரே பிஷப்பின் ஆட்சிப் பகுதியில், நாலைந்து ‘கத்தீட்ரல்’ வருகிறதே, அது எப்படி?

மணிக்கூண்டு

வேளாங்கண்ணியை எடுத்துவிடுங்கள். அது பசிலிக்கா. 1962இல் திருத்தந்தை 23ஆம் யோவான் கொடுத்த பட்டம். அந்த ஊர் தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்குள் வருகிறது. தஞ்சை ஆயரின் (பிஷப்பின்) இருக்கை தஞ்சாவூர் திரு இருதய ஆலயத்தில். அதுதான் கதீட்ரல். பக்தர் கூட்டம், ஆலயப் பரப்பு, புகழ் எதுவும் கணக்கில் வராது.

கதீட்ரல் என்ற சொல்லே ‘கத்தெட்ரா’, அதாவது ஆயரின் நாற்காலி என்பதிலிருந்து வந்தது. அந்த நாற்காலி எங்கே நிலையாக இருக்கிறதோ அது கதீட்ரல். கூரை ஓடாக இருந்தாலும் சரி. பசிலிக்கா என்பது ரோமிலிருந்து ஒரு ஆலயத்துக்கு வரும் மரியாதைப் பட்டம். இரண்டும் வெவ்வேறு அச்சுகள். ஒரே ஆலயத்துக்கு இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் பெரிய ஆலயமாக இருக்கலாம்.

அதிகம் ஏமாறும் ஜோடிகள்:

தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயம் பசிலிக்கா (1982). கதீட்ரல் அதே ஊரின் திரு இருதய ஆலயம். தேர் ஓடுவது பனிமய மாதாவுக்கு, ஆயரின் நாற்காலி இருப்பது இங்கே.

புதுச்சேரியில் ரயில் நிலையப் பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் திரு இருதய ஆண்டவர் ஆலயத்தைத்தான் எல்லாரும் படம் பிடிப்பார்கள். அது 2011இல் பசிலிக்கா ஆனது. கதீட்ரல் மிஷன் வீதியில் உள்ள ஜென்மராக்கினி மாதா ஆலயம். கட்டி முடித்தது 1791. ஊர்க்காரர்கள் ‘சம்பா கோவில்’ என்பார்கள். ‘சான் பாவ்லோ’ மருவி சம்பா ஆனது, செண்பகப் பூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெங்களூரில் சிவாஜிநகர் மரியன்னை ஆலயம் பசிலிக்கா (1974), கதீட்ரல் கிளீவ்லண்ட் டவுனில் உள்ள புனித சவேரியார் ஆலயம். பழைய கோவாவில் பொம் ஜேசு பசிலிக்கா, சாலைக்கு எதிர்ப்பக்கம் சே கதீட்ரல். சவேரியாரின் உடல் இருப்பது பொம் ஜேசுவில், அதனால் கூட்டமும் அங்கே. பேராயரின் நாற்காலி எதிர்ப்பக்கத்தில்.

இரண்டும் சேர்ந்தவை என்றால் சாந்தோம் (1956 முதல் பசிலிக்கா), ஃபோர்ட் கொச்சி சாண்டா க்ரூஸ் (1984), எர்ணாகுளம் புனித மரியன்னை (1974). இவற்றை ‘கதீட்ரல் பசிலிக்கா’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று, இணைக் கதீட்ரல். மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இல் போர்ச்சுக்கீசிய ஆதரவில் வந்தது. சென்னை உயர்மறைமாவட்டம் தனி. இரண்டையும் 1952இல் ஒன்றாக்கியபோது இரண்டு கதீட்ரல் கையில் இருந்தது. சாந்தோம் முதன்மையானது, ஆர்மீனியன் தெரு மரியன்னை ஆலயம் இணைக் கதீட்ரல் ஆனது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குக் கூட்டம் கூடுகிறதே, அதே ஆலயம். (அந்தத் தெருவைத் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்று ஆக்கிவிட்டார்கள். அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை.)

ஊசிக்கோபுரம்

அட்டவணைக்கு முன்னால் சொற்களைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் எல்லா வரியும் தப்பாகும்.

கத்தோலிக்கத் தமிழில் ஆயர் என்றால் பிஷப். சி.எஸ்.ஐ. தமிழில் ஆயர் என்றால் சபையை நடத்தும் போதகர். கத்தோலிக்கத்தில் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் பேராயர் என்றால் வெறும் பிஷப், அவர்களுக்கு மேலே இருப்பவர் பிரதமப் பேராயர். ‘ஆயர் வருகிறார்’ என்று ஒரே ஊரில் இரண்டு சுவரொட்டி ஒட்டினால், ஒன்றில் மறைமாவட்டத் தலைவர், இன்னொன்றில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கியார். பழைய ஆவணங்களில் பிஷப்புக்கு ‘அத்தியட்சர்’ என்றும் இருக்கும். ஆட்சிப் பகுதியின் பெயரும் மாறும். கத்தோலிக்கத்தில் மறைமாவட்டம், உயர்மறைமாவட்டம். சி.எஸ்.ஐ.யில் திருநெல்வேலிப் பக்கம் திருமண்டலம், சென்னையில் பேராயம்.

பலகையைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். ‘புனித’ என்று தொடங்கினால் பெரும்பாலும் கத்தோலிக்கம், ‘தூய’ என்றால் சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன். பாளையங்கோட்டையில் இது அப்படியே பொருந்தும். தூய திரித்துவ ஆலயம் சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலத்தின் கதீட்ரல். புனித சவேரியார் ஆலயம் 1973இல் உருவான பாளையங்கோட்டை கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கதீட்ரல். ஒரே ஊர், இரண்டு நாற்காலி. யாரை முதலில் போடுவது என்று கேட்டீர்கள். கட்டிய ஆண்டு வரிசையில் போடாதீர்கள், கதீட்ரல் ஆன ஆண்டு வரிசையில் போடுங்கள். இரண்டும் வேறு வேறு. தூய திரித்துவ ஆலயத்தை மிஷனரி ரேனியஸ் 1826இல் கட்டினார். திருநெல்வேலிக்குத் தனி பிஷப் வந்தது 1896இல். எழுபது வருடம் அது வெறும் ஆலயம்.

சென்னை தூய ஜார்ஜ் ஆலயமும் அப்படித்தான். 1815இல் கட்டினார்கள், மறு ஆண்டு பிரதிஷ்டை. அப்போது சென்னைக்கு பிஷப்பே கிடையாது, கல்கத்தா பிஷப்பின் கீழ் இருந்தது. 1835இல் டேனியல் காரி வந்த பிறகுதான் நாற்காலியும் வந்தது, பின்னால் சாலைக்கும் கதீட்ரல் ரோடு என்று பெயர் ஆனது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சி.எஸ்.ஐ. பிறந்ததும் அதே கட்டிடத்தில்.

மேடக் விஷயம் இன்னும் சுவாரசியம். வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரி சார்ல்ஸ் வாக்கர் போஸ்நெட் பஞ்சக் காலத்தில் கூலிக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கிய கட்டுமானம். பத்து வருடம் ஆனது, 1924 கிறிஸ்துமஸ் அன்று திறந்தார்கள். நீளம் 200 அடி, அகலம் 100 அடி, கோபுரம் 175 அடி, உள்ளே 5,000 பேர். வெஸ்லியன் மெதடிஸ்ட் அமைப்பில் பிஷப் கிடையாது, ஆகவே அது கட்டும்போது கதீட்ரல் இல்லை, ஆகவும் முடியாது. 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனபோது பிஷப் முறையை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மேடக் திருமண்டலம் வந்தது, கதீட்ரலும் வந்தது. சுவரில் ஒரு கல்லும் மாறவில்லை, உள்ளே ஒரு நாற்காலி கூடியது, அவ்வளவே.

தெலங்கானாவின் தோர்ணக்கல்லை மறக்காதீர்கள். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் கதீட்ரலில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப். அவர் தோர்ணக்கல்லில் எழுப்பிய எப்பிஃபனி கதீட்ரல் 1939இல் பிரதிஷ்டை ஆனது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிக் குவிமாடமும் ஒரே கட்டிடத்தில். கூர்கோபுரம் இல்லாத கதீட்ரலைப் பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் போகவேண்டிய இடம் அது.

வட இந்தியாவுக்கு சி.என்.ஐ. (1970 நவம்பர் 29, நாக்பூர்). பழைய ஆங்கிலிக்கன் கதீட்ரல்கள் பெரும்பாலும் இந்த நிரலுக்குள் வந்துவிடும்: கல்கத்தா தூய பவுல், மும்பை தூய தோமா, அலகாபாத் சகல பரிசுத்தவான்கள், டெல்லி மீட்பின் ஆலயம். மும்பையில் சர்ச்கேட் என்கிற பெயரே தூய தோமா ஆலயத்துக்குப் போகும் கோட்டை வாசலிலிருந்து வந்தது. அந்த ஆலயம் திறந்தது 1718, கதீட்ரல் ஆனது 1837.

ஒரு எச்சரிக்கை: ‘இந்தியா’ என்று தலைப்பு வைத்தால் சி.எஸ்.ஐ.யின் யாழ்ப்பாணத் திருமண்டலத்தை வெளியே வைக்கவேண்டும். அதன் கதீட்ரல் வட்டுக்கோட்டையில். சபை ஒன்று, நாடு வேறு.

வழிப்போக்கன்

கொச்சியில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த புனித பிரான்சிஸ் ஆலயம் இந்தியாவின் முதல் கதீட்ரல்தானே? அதை யாருமே சொல்லவில்லை.

மணிக்கூண்டு

இல்லை நண்பரே. பழமையான ஐரோப்பிய ஆலயம் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். அது பிரான்சிஸ்கன் துறவிகளுடையது. 1663க்குப் பிறகு டச்சுக்காரர்களின் சீர்திருத்த சபைக்குப் போனது, அவர்களுக்கு பிஷப்பே கிடையாது. பிறகு ஆங்கிலிக்கன், இன்று சி.எஸ்.ஐ. காமாவின் உடலையும் பதினான்கு ஆண்டுகளில் லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கொச்சியின் கதீட்ரல் சாண்டா க்ரூஸ். பதினாறாம் நூற்றாண்டிலேயே மறைமாவட்டம் வந்துவிட்டது. 1795இல் ஆங்கிலேயர்கள் கொச்சியைப் பிடித்ததும் அந்த ஆலயத்தை இடித்தார்கள். நாம் பார்க்கும் கட்டிடம் 1887இல் தொடங்கி 1905இல் பிரதிஷ்டை ஆனது. பழைய ஆலயத்தின் கருங்கல் தூண் ஒன்றை வளாகத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று முகப்பைப் படமெடுப்பவர்கள் பார்க்காமலே போகிற தூண் அது.

‘முன்னாள் கதீட்ரல்’ என்று ஒரு நிரலும் வையுங்கள் தூண்நிழல். கல்கத்தா தூய யோவான் ஆலயம் (1787) 1847 வரை கதீட்ரல். தூய பவுல் கட்டி முடித்ததும் நாற்காலி அங்கே போய்விட்டது, யோவான் மறுபடி சாதாரண ஆலயம்.

கிழக்குவாசல்

கேரள வரிசைக்கு வருகிறேன். இங்கே ‘நாற்காலி இருக்கும் இடம்’ என்ற சூத்திரம் பாதிதான் வேலைசெய்யும்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் மட்டும் மூன்று ஆட்சிகள் ஒரே நிலத்தின் மேல் நிற்கின்றன. திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாளையம் புனித யோசேப்பு ஆலயம் லத்தீன் பேராயருக்கு. பட்டம் என்ற பகுதியில் உள்ள மரியன்னை ஆலயம் சீரோ மலங்கரா சபையின் தலைமை இருக்கை. 1930இல் கத்தோலிக்கத்தோடு ஒன்றிணைந்த மார் இவானியோஸின் கல்லறை அங்கேதான். எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி) வளாகத்தில் சி.எஸ்.ஐ. தென்கேரளத் திருமண்டலத்தின் எம்.எம். சர்ச். மூன்றுக்கும் இடையே ஆட்டோவில் போய்வரலாம், மூன்றும் மூன்று சட்டம்.

எர்ணாகுளத்திலும் அப்படித்தான். லத்தீன் வராப்புழை உயர்மறைமாவட்டத்துக்கு அசிசி பிரான்சிஸ் கதீட்ரல். சீரோ மலபார் தலைமைக்கு மரியன்னை கதீட்ரல் பசிலிக்கா. பின்னதில் 2022 கடைசியில் பூசை நின்று கதவு பூட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காரணம் பணமோ நிலமோ அல்ல. குருவானவர் எந்தத் திசை பார்த்து நிற்பது என்பதுதான். 2021இல் ஆயர் மன்றம் முடிவெடுத்த முறைப்படி வாசகப் பகுதியில் மக்களைப் பார்க்கவேண்டும், நற்கருணை மன்றாட்டில் பீடத்தைப் பார்க்கவேண்டும். முழுக்க மக்களைப் பார்த்தே நடத்திவந்த அந்த உயர்மறைமாவட்டத்தில் எதிர்ப்பு வெடித்தது. கதீட்ரல் என்றாலே மறைமாவட்டம் முழுவதுக்கும் மாதிரி வழிபாடு நடக்கும் இடம். ஆகவே சண்டை அங்கே வந்து நின்றதில் ஆச்சரியமில்லை.

இப்போது ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய பக்கம். இவர்களிடம் ‘கத்தீட்ரல்’ என்பது மரியாதைப் பட்டமாகவும் ஆகிவிட்டது. பழமையான, பெரிய பள்ளிகளை (கேரள வழக்கில் பள்ளி என்றால் ஆலயம்) கத்தீட்ரலாக உயர்த்துவார்கள், மெத்ராப்போலித்தா, அதாவது அவர்களுடைய பிஷப், அங்கே தங்கவேண்டியதில்லை. நீங்கள் பார்த்த நாலைந்து அப்படி வந்தவை. மணர்காடு மரியன்னை கத்தீட்ரல் யாக்கோபாய சபைக்குரியது. செப்டம்பரில் வரும் எட்டு நாள் நோன்பில் அங்கே நடை திறப்புக்கு வரும் கூட்டத்தில் பாதிக்கு அது கத்தீட்ரல் என்பது பொருட்டே இல்லை. டெல்லி ஹவுஸ் காஸ் மரியன்னை ஆர்த்தடாக்ஸ் கத்தீட்ரலும் உங்கள் நிரலுக்கு வரும். அட்டவணையில் ‘இருக்கை’ என்றும் ‘பட்டம்’ என்றும் இரண்டு குறியீடு வைத்தால் பிழைத்தீர்கள்.

இந்த இரண்டு சபைகளுக்கும் இடையே பள்ளி யாருக்கு என்ற வழக்கு தலைமுறைகளாக ஓடுகிறது. 2017 ஜூலை 3ஆம் தேதி உச்சநீதிமன்றம் மலங்கரா சபையின் 1934 சட்டத்தொகுப்பின்படியே நிர்வாகம் என்று தீர்ப்பளித்த பிறகு சில பள்ளிகள் கை மாறின, சில மாறவில்லை. எனவே ‘சபை’ நிரலில் ஆண்டு போடாமல் எழுதாதீர்கள். பலகையில் பெயர் ஒன்று, சாவி இன்னொருவரிடம் என்கிற நிலை உண்டு.

கடைசியாக இரண்டு அரிய வரிகள். திருச்சூரில் கல்தேய சபையின் மார்த் மரியம் வலியபள்ளி. இது கிழக்கின் அசீரியத் திருச்சபையைச் சேர்ந்த மெத்ராப்போலித்தாவின் இருக்கை. உள்ளே சிலை, படம் தேடாதீர்கள், சிலுவை மட்டும். அதே நகரில் வானளாவ நிற்கும் புத்தன்பள்ளி வியாகுல மாதா ஆலயம் சீரோ மலபார் பசிலிக்கா (1992), கதீட்ரல் இல்லை. சீரோ மலபார் கதீட்ரல் லூர்து மாதா ஆலயம். திருச்சூரில் மட்டும் மூன்றையும் குழப்பாமல் எழுதிவிட்டால் மீதி இந்தியா சுலபம்.

இன்னொன்று குன்னங்குளம் பக்கம் தொழியூர். 1772 முதல் தனித்து நிற்கும் மலபார் சுயாதீன சுறியானி சபை. மொத்தச் சபைக்கும் ஒரே மறைமாவட்டம், ஒரே கத்தீட்ரல், மார் கீவர்கீஸ் பெயரில்.

தூண்நிழல்

அருமை. நேரில் போய்ச் சரிபார்க்க வழி சொல்லுங்கள். அலுவலகத்தில் கேட்டால் எல்லாரும் ‘இது பேராலயம்’ என்கிறார்கள். உள்ளே எதைப் பார்த்தால் முடிவு தெரியும்?

மணிக்கூண்டு

லத்தீன் ஆலயம் என்றால் பீடத்துக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிலையாக அமைத்த ஒரே ஒரு நாற்காலியைப் பாருங்கள். படி ஒன்றிரண்டு உயரத்தில் இருக்கும், மேலே ஆயரின் கேடயச் சின்னம். அதில் ஆயரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. வாரநாள் பூசை வைக்கும் குருவானவருக்கு வேறு நாற்காலி போட்டிருப்பார்கள். பீடத்தைச் சுற்றி இரண்டு தலைமை நாற்காலி தெரிந்தால் நல்ல அடையாளம். ஆயர் பதவி காலியாக இருக்கும் காலத்தில் சின்னம் இல்லாமல் வெறும் சாய்வு மட்டும் தெரியும், அதை வைத்து இது கதீட்ரல் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பசிலிக்காவுக்கு அடையாளம் வேறு: பாதி விரித்த சிவப்பு மஞ்சள் பட்டைக் குடை, கம்பத்தில் மாட்டிய சிறு மணி, குறுக்காக வைத்த இரண்டு சாவிகள். குடை இருந்து நாற்காலி இல்லையென்றால் பசிலிக்கா மட்டும். நாற்காலி இருந்து குடை இல்லையென்றால் கதீட்ரல் மட்டும்.

கட்டிடம் எதுவும் சொல்லாதபோது நாள்காட்டியைக் கேளுங்கள். புனித வாரத்தில் எண்ணெய் மந்திரிக்கும் பூசை எங்கே நடக்கிறது? நோயாளர் எண்ணெய், புகுமுக நிலையினர் எண்ணெய், கிறிஸ்மா மூன்றையும் ஆயர் மந்திரிப்பார். மறைமாவட்டக் குருக்கள் எல்லாரும் வந்து குப்பியில் வாங்கிப் போவார்கள். முறைப்படி பெரிய வியாழன் காலை, ஆனால் தொலைவிலிருந்து வருகிறவர்களுக்காக முன்னதாகவே வைத்துவிடும் மறைமாவட்டங்கள் உண்டு. அது நடக்கும் இடம் வழக்கமாகக் கதீட்ரல்.

ஊசிக்கோபுரம்

சி.எஸ்.ஐ.யில் எண்ணெய்ப் பூசை கிடையாது. பேராயர் அபிஷேகம், குருத்துவ அபிஷேகம் எங்கே நடந்தது என்று கல்வெட்டைப் பாருங்கள். பக்கச் சுவரில் பித்தளைத் தகடும் சலவைக்கல்லும் நிறைய இருக்கும். பேராயர்களின் பெயர்வரிசை ஆண்டோடு ஒரு பலகையில் இருந்தால் விஷயம் முடிந்தது. போதகர்களின் வரிசை மட்டும் இருந்தால் அது சபை ஆலயம். எழும்பூர் தூய அந்திரேயா கிர்க் எத்தனை கம்பீரமாக இருந்தாலும் பிஷப் முறை இல்லாத பிரெஸ்பிட்டேரியன் சபை கட்டியது, பேராயர் நாற்காலி தேடிப் பயனில்லை.

லுத்தரன் நிரலுக்கு ஒரு குறிப்பு. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைத் தலைவரின் பதவிப்பெயர் ‘தரங்கம்பாடி பேராயர்’. அலுவலகம் திருச்சியில், ‘தரங்கை வாசம்’ என்ற கட்டிடத்தில். பதவிப்பெயரில் உள்ள ஊரை வைத்துக் கதீட்ரலை ஊகித்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். கோவாவிலும் இதே கதை: நாற்காலி பழைய கோவாவில், பேராயர் இல்லம் பஞ்சிமில்.

கிழக்குவாசல்

சுறியானிப் பள்ளிகளில் பீடத்தின் முன் திரை இருக்கும், வழிபாட்டுக்கு நடுவே மூடித் திறக்கும். மத்பஹாவுக்குள் (திரைக்குப் பின்னுள்ள பீடப் பகுதி) எட்டிப்பார்த்து நாற்காலி தேடாதீர்கள், அங்கே பொதுமக்கள் ஏறக்கூடாது. ‘சுந்த்ரோணிசோ’ எங்கே நடந்தது என்று கேளுங்கள். மெத்ராப்போலித்தாவை சிம்மாசனத்தில் ஏற்றும் சடங்கு. செருப்பை வெளியே விடவேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கடுக்காய்ச்சாறு

சபைப் பிரிவினை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கும் இடிக்கும் சபை தெரியாது. உங்கள் அட்டவணையில் ‘கட்டிய ஆண்டு’ நிரலை நம்பி, ‘அசல் வடிவம்’ என்று எழுதுகிறீர்கள் பாருங்கள், அங்கே மட்டும் கொஞ்சம் நில்லுங்கள்.

சே கதீட்ரலுக்கு முகப்பில் இரண்டு கோபுரம் இருந்தது. 1776இல் ஒன்று சரிந்தது, திரும்பக் கட்டவில்லை. இன்று அந்த ஒற்றைக் கோபுரத்தைப் பார்த்து ‘வித்தியாசமான வடிவமைப்பு’ என்று எழுதுகிறார்கள். கல்கத்தா தூய பவுல் ஆலயத்தின் கூர்கோபுரத்தை 1897, 1934 நிலநடுக்கங்கள் பதம் பார்த்தன. இரண்டாவதுக்குப் பிறகு கூர்முனையையே கைவிட்டு, கேன்டர்பரி கதீட்ரலின் பெல் ஹாரி கோபுரம் மாதிரியில் சதுரமாகக் கட்டினார்கள். ஆகவே 1847 என்பது கூடத்துக்குப் பொருந்தும், கோபுரத்துக்குப் பொருந்தாது.

இந்தப் பழைய ஆலயங்களில் அதிகம் கெடுவது ஒரே காரணத்தால்: சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூச்சு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் விடாது. மழையில் உள்ளே போன நீர் சிமெண்டுக்குப் பின்னால் தேங்கும், செங்கல்லில் இருக்கும் உப்பைக் கரைத்து இழுத்துவரும். காயும்போது உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். தரையிலிருந்து மூன்று நாலடி உயரத்தில் வெள்ளை பூத்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தால் இதுதான். அதன் மேலேயே மறுபடி சிமெண்ட் அடித்தால் அடுத்த முறை ஆறடிக்கு ஏறும்.

சரியான வழி: சிமெண்ட்டைச் செதுக்கி எடுத்து, சுவரை ஒரு கோடை காயவிடவேண்டும். பிறகு நீற்றி ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. பூசுவதற்கு முன் சுவரை நனைக்கவேண்டும், இல்லாவிட்டால் செங்கல் காரையின் நீரைக் குடித்து வெடிப்பு விடும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே அவசரப்படக் கூடாது. பூசிய பிறகு ஈரச் சாக்கு கட்டி நிழலில் காயவைக்கவேண்டும். திருவிழா வருகிறது என்று பத்து நாளில் முடிக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதே மேல். அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கவேண்டும்.

பூச்சு வேண்டாம், கல் தெரியட்டும் என்பதும் ஆபத்து. பொம் ஜேசுவில் 1950களில் வெளிப்பூச்சை உரித்துவிட்டார்கள், செம்பாறைக்கல் தெரிந்தால் பழமையாகத் தெரியும் என்று. செம்பாறை பூச்சுக்கு உள்ளே இருக்கவேண்டிய கல். எழுபது மழைக்காலம் நேராக வாங்கி இப்போது அரிக்கிறது. எதிரே சே கதீட்ரல் வெள்ளைப் பூச்சோடு நிற்கிறது. ஒரே மழை, சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இன்னும் இரண்டு. மேல்தளக் கைப்பிடிச்சுவரின் மூலையில் அரசங்கன்று. விரலளவு இருக்கும்போது பிடுங்கினால் இலைதான் வரும், வேர் காரைக்குள்ளேயே இருந்து அடுத்த மழைக்குத் தடித்து வரும். இணைப்பைப் பிரித்து வேரை எடுத்து, மருந்து வைத்து, சுண்ணாம்பால் அடைக்கவேண்டும். அப்புறம் இடிதாங்கி. கோபுர உச்சியில் கம்பி இருந்தால் போதாது. பெயிண்ட் அடிக்க வந்தவர் இறங்கு பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டாமல் போயிருப்பார். மழைக்கு முன்னால் பட்டையின் தொடர்ச்சியையும் தரைத்தடையையும் அளந்து பார்க்கவேண்டும், 10 ஓமுக்குள் இருக்கவேண்டும்.

ஊசிக்கோபுரம்

கடுக்காய்ச்சாறு சொன்னதில் ஒரு துணுக்கு சேர்க்கிறேன். டெல்லியில் மீட்பின் ஆலயத்தையும் (1927இல் தொடங்கி 1931), கோல் டாக் கானா பக்கம் கத்தோலிக்கத் திரு இருதயக் கதீட்ரலையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ஹென்றி மெட். ‘கட்டிடக்கலை பார்த்துச் சபையைச் சொல்லலாம்’ என்று இங்கே முன்பு ஓர் இழை ஓடியது. டெல்லியில் சொல்ல முடியாது.

தூண்நிழல்

கன்னியாகுமரி மாவட்ட வரிசை கண்ணைக் கட்டுகிறது. ஒரு மாவட்டத்துக்குள் ஐந்து பிஷப்பா?

மணிக்கூண்டு

ஐந்துதான். லத்தீனில் கோட்டாறு (1930), அதிலிருந்து 2014இல் பிரிந்த குழித்துறை. சீரோ மலபாருக்குத் தக்கலை, சீரோ மலங்கராவுக்கு மார்த்தாண்டம், இரண்டும் 1996. சி.எஸ்.ஐ.க்குக் கன்னியாகுமரித் திருமண்டலம்.

கோட்டாறு புனித சவேரியார் கதீட்ரலுக்குப் போனால் பீடத்துக்கு முன்னால் தேவசகாயத்தின் கல்லறையைப் பாருங்கள். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். குழித்துறையின் கதீட்ரல் திரித்துவபுரம் மூவொரு இறைவன் ஆலயம். அதையும் பாளையங்கோட்டை தூய திரித்துவத்தையும் ஆங்கிலப் பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரே வரியில் சேர்த்துவிடுவீர்கள், ஏற்கெனவே சேர்த்திருக்கிறீர்கள். 14ஆம் வரி.

தூண்நிழல்

பிரித்துவிட்டேன். மைசூரை புனித ஃபிலோமினா என்று போட்டிருக்கிறேன், 1933 அடிக்கல், இரட்டைக் கோபுரம் 175 அடி. சரியா?

மணிக்கூண்டு

அளவு சரி. பெயரை ‘புனித யோசேப்பு, புனித ஃபிலோமினா’ என்று இரண்டாகப் போடுங்கள். ஃபிலோமினாவின் திருநாள் 1961இல் திருவழிபாட்டு நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது, ஊர்வழக்கில் பெயர் போகவில்லை. மற்றபடி சாண்டா க்ரூஸ் உங்கள் அட்டவணையில் கொச்சிக்கும் வராப்புழைக்கும் இரண்டு இடத்தில் நிற்கிறது. வராப்புழையிலிருந்து எடுத்துவிட்டு அங்கே அசிசி பிரான்சிஸைப் போடுங்கள்.